ராஜாவின் கண்

பிள்ளைகளே, நேற்று ஜார்ஜ் டவுனில் படம் விற்கும் கடைக்குள் நுழைந்ததும் உங்கள் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அந்த ராஜா என்னையே பாக்குறாரு லா!"

நானும் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை முடி, சிவப்பு அங்கி. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியத்தின் அச்சுப்படம். நான் சிறுவனாக இருந்தபோது இதே ராஜா எங்கள் வீட்டிலும் இருந்தார்.

வேலை செய்த ஹோட்டலில் கழித்துப் போட்ட படத்தை என் அப்பா கொண்டுவந்து, செத்துப்போன தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமை எல்லாப் படங்களுக்கும் சந்தனமும் பூவும் வைக்கும் அம்மா, ராஜாவுக்கும் வைத்துவிட்டார்.

"பாவம், அவரு மட்டும் பூ இல்லாம சும்மா இருக்கணுமா?" என்றார்.

பூ வைத்ததும் அவரும் எங்கள் வீட்டில் செத்துப்போனவர்களில் ஒருவராகிவிட்டார் என்று நடுங்கினேன். நான் எங்கே போனாலும் அந்தக் கண்கள் கூடவே வந்தன. அவருக்குக் கீழேதான் நான் தினமும் விளக்கேற்ற வேண்டும்.

"பயந்தாங்கொள்ளி! இரு, கண்ண மூடிடுறேன்," என்று அக்கா ராஜாவின் இரண்டு கண்ணிலும் சந்தனத்தை அப்பினாள்.

மறுநாள் பொழுது சாயும்போது தீப்பெட்டியோடு போனேன். காய்ந்த சந்தனம் ஒரு பக்கம் உதிர்ந்திருந்தது. ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது. அலறிவிட்டேன்.

அம்மா ஓடிவந்தார். திட்டவில்லை. படத்தை மறைத்து நின்றுகொண்டு, "இப்ப ஏத்துடா," என்றார். ஏற்றினேன்.

நேற்று நானும் ராஜாவுக்கு முதுகைக் காட்டி, உங்கள் தங்கையை மறைத்து நின்றேன். அவள் சிரித்துவிட்டாள். கடையை விட்டு வெளியே வரும்வரை என் முதுகு மட்டும் கூசிக்கொண்டே இருந்தது.