நிறுத்தச் சொன்னதும் நின்ற கை

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மகளின் பிரசவத்துக்காகப் போன மாதம் நானும் மனைவியும் கொழும்பிலிருந்து அவள் இருக்கும் கற்பிட்டிக்குப் போனோம். கர்ப்பிணியோடு அங்கிருந்து புத்தளம் பாதையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மகள் பிறந்தபோது நாங்கள் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட அகதிகள். பிரசவ ஆஸ்பத்திரியில், கருப்பைவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஆள் மாறி ஆள் என் மனைவிக்கு உள்ளே கை விட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. அழுததற்கு அதட்டல் வேறு. அந்த ஆஸ்பத்திரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மகள், பிரஷர் கூடியிருந்தும், வலி தொடங்கிய பிறகும், "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன்" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். மருமகன் கட்டாரில் வேலை. உம்மாவான என் மனைவி கூடவே இருப்பதாகச் சத்தியம் செய்த பிறகுதான் எழுந்தாள்.

காலை ஆறரைக்கு வேன் பிடித்தோம். புத்தளத்துக்கு நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், வாடகை ஏழாயிரம். வெங்காயத் தோட்டங்கள் தாண்டும்வரை பாதை நல்லது. பாலாவி உப்பளம் நெருங்கும்போது குலுக்கல்.

"தம்பி, மெதுவா" என்றேன் டிரைவரிடம்.

"மெதுவாப் போனா வண்டிக்குள்ளயே பேர் வைக்க வேண்டி வரும், நானா!"

நானா என்று என்னை அண்ணன் முறை வைத்து அவர் சொன்னதற்கு மகள் கூடச் சிரித்துவிட்டாள்.

போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன் நான். உள்ளே நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். முதலில் வந்த மருத்துவிச்சி கையுறையை மாட்டிக்கொண்டே, "காலை விரிங்க, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பார்க்கணும்" என்றாராம். மகள் முழங்கால்களை இறுக்கிக்கொண்டாள். "இப்பிடி அடம்பிடிச்சா எப்பிடிப் பிள்ளை பெறுவீங்க?" வார்டு நிறைய ஆட்கள், வேலை நெருக்கடி என்றார்கள். இருக்கலாம். ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் போகும்?

அடுத்து வந்த மருத்துவிச்சி திரையை இழுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். வயிற்றில் கை வைத்து வலியைக் கவனித்தார். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார். "துடிப்பு நல்லாயிருக்கு. ஆனா பிரஷர் கூடினதால ஒருக்கா உள்ளுக்குப் பார்த்தா நல்லம், மகள். நிப்பாட்டச் சொன்னா கையை எடுத்திருவன். பார்க்கட்டா?"

மகள் தலையசைத்தாள். பாதியில் வலி வந்தது. "நிப்பாட்டுங்க மிஸ்!" கை உடனே வெளியே வந்தது. வலி அடங்கியதும் மகளே சொன்னாள்: "இப்ப பாருங்க."

நண்பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்கு சொல்ல முன் பேத்தி பிறந்தாள். அல்ஹம்துலில்லாஹ். "நிப்பாட்டச் சொன்னன், நிப்பாட்டினாங்க வாப்பா" என்பதுதான் மகள் என்னிடம் சொன்ன முதல் செய்தி. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசானது. அந்தப் பழைய ஆஸ்பத்திரியோடு எனக்குள்ள கணக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது அவள் தலையில் விழவில்லை.

போகிறவர்களுக்கு: வலி முற்றும்வரை காத்திருக்காதீர்கள். துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்களா என்று கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்கலாம், வலி அடங்கட்டும் என்று சொல்லலாம் என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள்.

இதைப் போடுமுன் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில், "இது வேணாம் வாப்பா" என்றாள். எடுத்துவிட்டேன். என் பெயரைப் போட்டால் அவளை அடையாளம் கண்டுவிடுவார்கள். அதனால் அதையும் எடுத்துவிட்டேன்.