பெரிய வெள்ளியன்று அம்மா சாப்பிட்ட இட்லி

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்த அக்காவுக்கு டாக்டர் கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், எடை இறங்கினால் மறுபடி அட்மிட். அவளுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. இட்லியை அவள் பிட்டுப் பிட்டுப் பொடியாக்குவாள், மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காமல் போயிற்று.

இந்த நேரம் பார்த்துத் தவக்காலம் வந்து சேர்ந்தது. ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்கே அம்மாவின் ஒருசந்தி விரதம் தெரியும். பெரிய வெள்ளியன்று கோவிலில் சிலுவையை முத்தமிட்டு வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அன்று காலை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ சாப்பிடாட்டி பக்தி, நான் சாப்பிடாட்டி வியாதியாம்மா?" என்று கேட்டாள்.

அம்மா சமையலறைக்கும் கூடத்துக்கும் இரண்டு முறை நடந்தாள். பிறகு தனக்கும் ஒரு தட்டில் மூன்று இட்லி வைத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சாப்பிடு," என்றாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா தன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இருவர் தட்டும் காலியானது. அம்மா நரகத்துக்குப் போய்விடுவாள் என்று நிச்சயமாக நம்பினேன்.

மத்தியானம் கோவிலில் அதற்குமேல் அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த அத்தையின் காதில் போட்டுவிட்டேன். வெளியே வந்ததும் நாலு பேர் முன்னால் அத்தை பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, பெரிய வெள்ளியும் அதுவுமா காலைலயே டிபன் ஆச்சாமே?"

அக்காவின் முகம் வெளிறிப்போயிற்று. அம்மா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பசிச்சுது, சாப்பிட்டேன்," என்றாள்.

எனக்கு மானம் போயிற்று. வழியெல்லாம் அம்மாவின் கையைப் பிடிக்காமல் பத்தடி தள்ளியே நடந்தேன். அக்காதான் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அதையும் நான் முறைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

பசித்ததாம். காலையில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, கண் கலங்க அம்மா அந்த இட்லியை விழுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான்.