கழுத்து வீங்காத பாடகர்கள்

கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். வாய் சிரித்துக்கொண்டிருக்கும், கண் மட்டும் யாரைக் கிள்ளலாம் என்று தேடிக்கொண்டிருக்கும். நீங்களும் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து பட்டவர் என்றால், நான் பட்டதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் பாம்பனில் பள்ளிக்கூட டீச்சர். ஆர்மோனியம் தெரியும் என்று வாய்தவறிச் சொன்னேன். அன்றைக்கே பாட்டுக் குழு என் தலையில் விழுந்தது.

வந்த அழைப்பு

ஈஸ்டர் பூசையை மதுரைப் பக்கத்துப் பேராலயம் ஒன்றிலிருந்து வானொலியில் நேரடியாக ஒலிபரப்புவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து அங்கே பாடும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பொன்னுக்கு வீங்கி. ஒருத்தனாலும் வாயைத் திறக்க முடியவில்லை. அங்கே இருந்த ஒரு சாமியார் எப்போதோ எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தவர். "பாம்பன் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பங்குச்சாமி பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் பிள்ளைகளின் அருமை அங்கே வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப் போய், "நம்மளப் பத்தி என்ன சாமி கேட்டாங்க?" என்றேன்.

"பாட வருமான்னு கேக்கலம்மா. கழுத்து வீங்கியிருக்கான்னு மட்டுந்தான் கேட்டாங்க."

கீரையும் இலைச்சோறும்

அப்போதெல்லாம் பூசை லத்தீனில். லத்தீன் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுப்பேன். எல்லோரும் வீட்டுக்கார உரிமையோடு பாடுவார்கள். ஒருநாள் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டேன். "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று பொருள்படும் "கிரியே எலெய்சோன்" என்று நான் எழுதிப்போட்டதைப் பின்வரிசை முழுக்க "கீரையும் எலச்சோறும்" என்று உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா இப்படிப் பாடுறீங்க?" என்று கத்தினேன். முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பின்வரிசையில் பிலோமி மட்டும் சிரிக்கவில்லை. மீன் ஏலம் கூறுபவரின் மகள். அப்பாவின் தொண்டை அப்படியே அவளுக்கு வந்திருந்தது. அதனாலேயே அவளை எப்போதும் கடைசியில் நிறுத்துவேன். அவள் எழுந்து நின்று பணிவாகச் சொன்னாள்:

"ஆண்டவருக்குப் பசிக்குதுன்னு நெனச்சோம், டீச்சர்."

தவக்காலத்தில் அல்லேலூயா

ஈஸ்டர் பூசையின் உச்சமே அல்லேலூயாதான். அதைத் தனியாகப் பாட சூசை இருந்தான். மணி அடித்தாற்போல் குரல். ஆனால் பயிற்சிக்கு வழியில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் அந்த வார்த்தை கோயிலுக்குள் கேட்கவே கூடாது என்று, வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வாசலில் காவல் நின்றார். சரி என்று பிள்ளைகளைக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அங்கன அடித்த காற்றில் சூசையின் குரல் எனக்கே கேட்கவில்லை. "எல்லாரும் சேர்ந்து உரக்கப் பாடுங்க" என்றேன். பிலோமி மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் நின்ற வள்ளம் ஒன்று பாயைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்தது. அதிலிருந்தவர் முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடிவந்தார். "என்ன தாயீ, இப்படிக் கூப்பிடுற? ஊருல யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. ஏசு உயிர்த்துட்டாரு" என்றாள் பிலோமி.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே அவளையும் என்னையும் பார்த்தார். "அதுக்கு இன்னும் நாள் கெடக்கே, தாயீ!"

இன்னும் கொஞ்சம் தள்ளி

ரயிலில் ஏறியதிலிருந்து பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பாலத்துக்கு ஒரு பாட்டு, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு பாட்டு. கமுதி மிளகாய் வியாபாரி ஒருவர் எங்கள் பெட்டியில் ஏறி, அடுத்த ஸ்டேஷனிலேயே மூட்டையோடு இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

பேராலயத்தில் வானொலி இன்ஜினியர் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தார். முதல் பாட்டிலேயே கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். பிலோமியைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார். போதவில்லை. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அதுவும் போதவில்லை. கடைசியில் பக்கவாசல் படியில் போய் நின்றாள். அங்கிருந்து எட்டிப் பார்த்த அவள் முகம் வாடிப்போயிருந்தது. பட்டுப்பாவாடை எல்லாம் கட்டிக்கொண்டு வந்த பிள்ளை.

"இன்னும் கொஞ்சம் தள்ளணுமா, சார்?" என்றேன் கோபமாக.

"வேணாம்மா. அதுக்கு மேல ரோடு."

உடைந்த இடம்

மறுநாள் காலை. ஒலிபரப்பு தொடங்கியதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. கீரை இல்லாமல், சோறு இல்லாமல் முதல் பாட்டு முடிந்தது. அடுத்து அல்லேலூயா. சூசை தொடங்கினான். ஏறி, ஏறி, மேலே போகிற இடத்தில் அவன் குரல் மூங்கில் பிளந்தாற்போல் இரண்டாகப் போனது. இன்னொரு தரம் முயன்றான். தவளைச் சத்தம்தான் வந்தது. அந்த வயசு அந்த நிமிஷத்தில்தான் அவனுக்கு வந்து தொலைய வேண்டுமா! ஆர்மோனியத்தில் என் விரல் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊரே வானொலி முன்னால் உட்கார்ந்திருக்கிறது, இங்கே சத்தமில்லை.

பக்கவாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. சூசை விட்ட அதே இடத்தில், அதே சுருதியில். யாரும் சொல்லவில்லை, பிலோமியே எடுத்துவிட்டாள். அத்தனை பெரிய கோயிலை நிறைத்துக்கொண்டு அது வந்தபோதுதான், அந்தக் குரலுக்குத் தேவைப்பட்டது இடம்தான் என்று எனக்கு உறைத்தது. பலிபீடத்தில் நின்ற சாமியாரே நிமிர்ந்து பார்த்தார். சின்னப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சேர்ந்து பாடினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

பூசை முடிந்ததும் மன்னிப்புக் கேட்க இன்ஜினியரிடம் போனேன். அவர் என்மேல் பாய்ந்தார்.

"பக்கத்துல ஒரு குரல் நின்னு, தூரத்துலருந்து இன்னொண்ணு வருது! இப்படி ஒரு யோசனை இருந்தா நேத்தே சொல்லக்கூடாதாம்மா? வாசல்ல ஒரு மைக் போட்டிருப்பேனே!"

திரும்பும் வழியில்

ரயிலில் சூசை சன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். கொடுத்த முறுக்கையும் தொடவில்லை. நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன்; ஒன்றும் ஏறவில்லை. உச்சிப்புளி தாண்டியதும் பிலோமி அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். முறுக்கை உடைத்துப் பாதியை அவன் கையில் திணித்தாள்.

"ஏலே சூசை, ஒந்தொண்ட ஒடையலன்னா என்னைய யாருலே பாட விட்டிருப்பா? தின்னுலே."

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு கட்டைக்குரலில் வந்தது. அதைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். அதற்கப்புறம் பாம்பன் வரைக்கும் அந்தக் கட்டைக்குரலிலேயே பாடி எங்களைக் கொன்றான்.

மரைக்காயர் கடை வானொலி

எங்கள் தெருவில் வானொலிப் பெட்டி இருந்தது சீனி மரைக்காயர் கடையில் மட்டும்தான். கொழும்பிலிருந்து வாங்கிவந்த பெட்டி. அன்று காலை அதை வாசலில் தூக்கிவைத்து, பெஞ்சு போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்திருக்கிறார். நாங்கள் இறங்கியதும் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் பிலோமியின் அப்பா, ஏலம் கூறியே ஊரை அதிரவைக்கும் மனிதர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நல்லாக் கேட்டுச்சா, பாய்?" என்றேன்.

"மாஷா அல்லா! பாதியில கரண்டு போயிருச்சு டீச்சர். புள்ள குரல் மட்டும் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு!"

நாம் சொல்லிக்கொடுப்பது ஒன்று, பிள்ளைகள் பாடுவது வேறொன்று. நன்றாக வந்துவிட்டால் மட்டும் மாலை நம் கழுத்துக்கு வரும் என்பதால்தான் இந்தத் தொழிலை யாரும் விடுவதில்லை.