எருக்குக்கும் வெப்பாலைக்கும் நான் பார்த்த சொந்தம்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கர்நாடகத்து மலையூரான மார்டள்ளியில் பாறையாகக் கிடந்த இரண்டு ஏக்கரில் நர்சரி போட்டேன். கிணற்றில் தண்ணீர் வராது என்று ஊரே சொன்னது; வந்தது. இன்று குண்டலுபேட்டை வரை என் நாற்று போகிறது. மூன்று பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தேன். இப்படிப்பட்டவன் மைசூருக்குப் புறப்பட்டது ஒரே ஒரு காகித அட்டையைப் பார்க்க.

காலை ஏழரைக்குக் கொள்ளேகாலில் பஸ் மாறினோம். அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். என் மனைவி பழனியம்மாளுக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்.

"நீங்க காசு குடுத்து வர்றீங்க, நான் சும்மா வர்றேன். ஆருங்க பெரிய ஆளு?" என்று ஜன்னலோரம் பிடித்துக்கொண்டாள்.

நரசீபுரம் தாண்டியதும் பழைய நாள் வந்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் இதே சாலையில் ஜீப்புக்குப் பின்னால், செடிக்கட்டுகளோடு வந்தேன். மைசூர்ப் பேராசிரியர் ஒருவர் எங்கள் மலைக்குப் பூச்செடி சேகரிக்க வந்திருந்தார். மரமேறிப் பறித்தது நான். செய்தித்தாளுக்குள் அழுத்தி, தினமும் தாள் மாற்றிக் காயவைத்தது நான். பத்து நாள் மைசூரில் தங்கி அட்டையில் தைத்ததும் நானே. சாயங்காலம் மார்க்கெட் பூக்கடை முன்னால் நிறுத்தி, எந்தப் பூ எந்தக் குடும்பம் என்று சொல்லித் தருவார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

தகராறும் அப்போதுதான். எருக்கையும் வெப்பாலையையும் ஒரே கட்டுக்குள் வைத்துவிட்டேன்.

"பால் வந்தா சொந்தமாப்பா? ஆலமரத்துலயும்தான் பால் வருது."

"பால் மட்டுமில்லீங்க ஐயா. காய் ரெண்டு ரெண்டா வருது. உடைச்சா விதைக்குப் பட்டுக் குஞ்சம். ரெண்டுலயுமே."

சிரித்தார். புத்தகத்தில் அவை வேறு வேறு குடும்பம். பிரித்து இரண்டு அலமாரியில் வைக்கச் சொன்னார், வைத்தேன்.

பதினொரு மணிக்குக் பேராசிரியரின் கல்லூரியில், காய்ந்த செடி அட்டைகளை வைத்திருக்கும் அந்த அறைக்குள் நுழைந்தோம். அதே பூச்சி உருண்டை வாசனை. பொறுப்பாளர் சுமதி, மைசூரிலேயே பிறந்த தமிழ்ப் பெண். எருக்கு அட்டையைக் கேட்டேன். வெப்பாலை அலமாரியைத் திறந்தார்.

"அம்மணி, எருக்கு அங்க இருக்காதுங்க."

"இல்ல ஐயா, இங்கதான். டிஎன்ஏ எல்லாம் பார்த்து எருக்குக் குடும்பத்த அரளிக் குடும்பத்துல சேத்துட்டாங்க. வெப்பாலை முதல்ல இருந்தே அதுல இருக்கு. அஷ்டே, அவ்ளோதான்."

பழைய கதையைச் சொன்னேன்.

"ரெண்டாவது புள்ளைக்குச் சம்பந்தம் பாக்க நாலு வருசம் ஆச்சு. எருக்குக்கு மட்டும் ஒரே நாள்ல பாத்துட்டீங்களாக்கும்!" என்றாள் பழனியம்மாள்.

அட்டையில் நான் போட்ட தையல் அப்படியே இருந்தது. மூலையில் ஒட்டிய சீட்டில், சேகரித்தவர் என்ற இடத்தில் பேராசிரியர் பெயர் மட்டும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், யாரிடம் கேட்பது?

பழைய சீட்டை யாரும் திருத்தக்கூடாதாம். புதிதாகத் தெரிந்ததைச் சின்னச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுவதுதான் வழக்கம். குடும்பம் மாறியதற்கும் ஒன்று ஒட்டியிருந்தது.

"எனக்கும் ஒண்ணு ஒட்டுங்க."

"எங்க துறைத் தலைவர் சார் சாட்சி கேப்பாரு ஐயா."

ஒரு நூல் வாங்கி, மூட்டை தைக்கும் என் முடிச்சைப் போட்டுக் காட்டினேன். லென்ஸ் வைத்து இரண்டையும் பார்த்தவர், "ஹௌது, அதேதான்" என்றார். சாரிடம் சொல்வதாக என் பெயரைக் குறித்துக்கொண்டார்.

நான்கு மணி பஸ்ஸில் திரும்பினோம். நர்சரிப் பலகையில் என் பெயர் ஆள் உயரம் இருக்கிறது. மைசூரில் விரல் அகலம் போதும். பேராசிரியர் பெயரை எடுக்க வேண்டாம். அதற்குக் கீழே ஒட்டுங்கள்: பறித்தவன், தைத்தவன், முதலில் ஒரே கட்டுக்குள் வைத்தவன், மார்டள்ளி மாரியப்பன்.