சோதனைச் சாவடியில் நின்ற ஒற்றன்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

யுத்தம் முடிந்த மறுவருடம் கட்டாரிலிருந்து திரும்பிய காத்தான்குடி நண்பர், நாமே ஒற்றனாகித் துப்பாக்கியுடன் உலவும் விளையாட்டொன்றைக் கொணர்ந்து, சுனாமிக்குப் பின் நிவாரணமாகக் கிடைத்த எங்கள் தொலைக்காட்சியில் பொருத்தினார். முதற்கட்டத்தைக் கடப்பவருக்கே அன்றைய இறால் கறியின் பெரும்பங்கு என முடிவாயிற்று.

நண்பர் தொடக்கத்திலேயே மாண்டார். யான் திரையில் வந்த பாலத்தைத் திறம்படக் கடந்தேன். எதிரே காவலரண் தென்பட்டதும் ஒற்றனை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையைத் தடவினேன். சுட்டுவிட்டார்கள்.

அடுத்து ஆடக் காத்திருந்த என் மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏன் மச்சான் நிண்டநீங்க?”

“ஐசிய எடுக்கத்தான்,” என்றேன்; யுத்த காலமெல்லாம் அந்த அடையாள அட்டையைக் காட்டாமல் எந்தக் காவலரணையும் நாம் கடந்ததில்லை.

“ஒற்றனுக்கு என்னத்துக்கு ஐசி? இஞ்ச தாங்க, நான் காட்டுறன்.”

அவரும் அதே காவலரணில் நின்றார். அவர் கையும் பையைத் தேடியது.

“விளையாட்டு எப்படி?” என்று நண்பர் அபிப்பிராயம் கேட்டார்.

“படம் நல்லம். ஆனா ஐசி கேக்காமச் சுடுறானுகள், அது பிழை,” என்றார் மைத்துனர். யானும் ஆமோதித்தேன்.

“மூண்டு பேரும் செத்தாச்சு. இனி வந்து சாப்பிடுங்க,” என்ற என் மனைவி, பெரும்பங்கைத் தன் தட்டில் இட்டுக்கொண்டார்.

இக்குறிப்பைத் தங்கள் ஆவணத் தொகுப்பில் தயைகூர்ந்து பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகின்றேன்.