மனைவியும் மீன்பிடிப் படகும்

நீதிமன்றத்துக்குப் போன அந்த விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்த மேதாவி நான்தான். ட்ருகனினா என்கிற புறநகரில் என்னோடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே கிடங்கில் பெட்டி அடுக்கிய, நான் தம்பி என்று கூப்பிடும் பையனுக்கு அகதி விசா கிடையாது என்று தீர்ப்பாயம் கைவிரித்துவிட்டது. நீதிமன்றமும் கைவிட்டால், அவனைப் பிடித்து அடித்தவர்களிடமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை. எங்கள் ஆட்களிடம் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. எவனோ வென்ற வழக்கின் காரணங்களைக் கோயில் பிரசாதம் மாதிரி போனுக்குப் போன் பகிர்வோம். குவேக்கர்ஸ் ஹில் பக்கம் இருக்கும் ஒருவரிடமிருந்து எனக்கும் ஒரு பங்கு வந்தது. பெயரை மட்டும் மாற்றி அப்படியே இறக்கிவிட்டேன்.

"வடிவா வாசிச்சுப் பாத்தனீங்களோ, அண்ணை?" என்று தம்பி கேட்டான்.

"வெண்ட கேஸடா. கை வைக்கக் கூடாது" என்றேன். என் திமிர் அப்படி.

தீர்ப்பாயத்தின் முடிவை மட்டும் வரி வரியாக வாசித்திருந்தேன். அதில் இவனுடைய மீன்பிடிப் படகைப் பற்றி ஒரு முழுப் பந்தி இருந்தது. இவன் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். ஆமிக்காரர் மூன்று தரம் பிடித்துக்கொண்டு போனதும் அந்தக் கடையில் வைத்துத்தான். முதன்முதலாக அவன் படகில் ஏறியதே இந்த நாட்டுக்கு வரத்தான். வேறு யாருடைய முடிவிலிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்! இதைவிட நல்ல சட்டப்பிழை எங்கே கிடைக்கும் என்று துள்ளிக்கொண்டு, விண்ணப்பத்தின் அடியில் அதையும் சேர்த்தேன்.

நீதிபதி மிகவும் மரியாதையானவர். நடந்த கதையை மறுபடி விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை, சட்டப்பிழை உண்டா என்று மட்டும்தான் பார்க்கலாம் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் பொறுமையாக விளக்கினார். பிறகு கேட்டார்: "உங்கள் மனைவியின் வாக்குமூலத்தைத் தீர்ப்பாயம் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மனைவி?"

தம்பிக்குக் கலியாணமே ஆகவில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பின்வரிசையில் நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

மதியத்துக்குள் தீர்ப்பு. இவனுடைய காரணங்கள் எங்கிருந்தோ நகலெடுத்தவை, இவன் வழக்கோடு சம்பந்தமில்லாதவை, ஆகவே தள்ளுபடி. தீர்ப்பாயத்தின் படகுப் பந்தி? அது வெறும் கவனப்பிசகாம். அது இல்லாவிட்டாலும் முடிவு மாறியிராதாம். நாங்கள் வெட்டி ஒட்டினால் வழக்கே இல்லை, அவர்கள் வெட்டி ஒட்டினால் கை தவறிவிட்டது. ஓர் ஆளின் உயிரைப் பற்றி எழுதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எழுதியதை ஒருதரம் வாசிக்க நேரமில்லை. எனக்கு மட்டும் இருந்ததா என்ன?

வெளியே ட்ராம் நிறுத்தத்தில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் வேறு யோசனையில் இருந்தான்.

"அண்ணை, அந்தப் படகுக்காரன்ர கதை என்ர முடிவில வந்திட்டுது. அப்ப என்ர கதை அவன்ரயில போயிருக்குமோ?"

"இருக்கலாம்" என்றேன்.

"பாவம் அவன். அவனுக்கெண்டாலும் ஆராவது வடிவா வாசிச்சுப் பாத்திருப்பினமோ?"