ஆமைக்குக் கட்டிய தொட்டி

பக்கத்து வீட்டுக்காரர்கள் புத்தளத்தில் இருக்கும் மகளோடு போய் இருப்பதென்று வீட்டைப் பூட்டிய அன்று, ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவந்து எங்கள் விறாந்தையில் வைத்தார்கள். அதற்குள் ஓர் ஆமை கிடந்தது. வவுனியாவில் வளர்ப்பு மீன் விற்கும் கடையில் வாங்கியது. உள்ளங்கை அளவு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. மூன்று வருடமாகக் குசினி மூலையில் அந்தப் பேசினுக்குள்ளேயே இருந்ததாம். பாணும் சோறும்தான் சாப்பாடு. அவ்வளவு தூரம் கொண்டுபோக ஏலாது, நீங்களே வைத்திருங்கோ என்று அந்த வீட்டு அம்மா கேட்டுக்கொண்டார்.

குளத்தில் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் கணவர் அதைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. முதுகு ஓட்டை விரலால் அமர்த்தினால் பதிந்தது.

அவர் மேசன். நெளுக்குளத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அத்திவாரம் போட்டவர். சிறுநீரகம் பழுதான பிறகு இரண்டு வருடமாக வீட்டோடுதான். கிழமையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிப்பார்கள். ஊசி ஏற்றுகிற இடது கையால் பாரம் தூக்கக்கூடாது. தண்ணீரும் அளவுதான். காலையில் அரைப் போத்தல் அளந்து வைப்பேன். அதுதான் மறுநாள் காலை வரைக்கும். அநேகமாக மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு இருப்பார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆமையையும் ஒரு ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனோம். அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு நான் மிருக வைத்தியரிடம் போனேன். இளம் பெண். ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயில் காணாததாலும் சத்தில்லாத சாப்பாட்டாலும் வந்த வருத்தம் என்றார். இது இந்த நாட்டு ஆமையில்லை, குளத்தில் விடவே கூடாது. நீந்துகிற ஆழத்துக்குத் தண்ணீர், ஏறிக் காய ஒரு மேடு, ஒதுங்க நிழல், இவ்வளவும் வேண்டும் என்று சொல்லிக் கண்ணுக்கு மருந்தும் தந்தார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னேன். சுத்திகரித்த நாட்களில் அவர் கதைப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். கண்ணைத் திறக்காமலே, "எவ்வளவு ஆழம் வேணுமாம்?" என்று கேட்டார். அவர் என்னிடம் ஒன்றைப் பற்றி விசாரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

கிணற்றடியில் தொட்டி கட்டினோம். கதிரையில் இருந்தபடி அவர் சொல்லச் சொல்ல, நான் மண் அரித்து, சீமெந்து குழைத்து, கல் வைத்தேன். பூச்சு மட்டும் அவருடையது. வலது கையால் கொஞ்சம் பூசுவார், களைத்துப்போய் இருப்பார், மீண்டும் எழும்புவார். ஒரு பக்கத்தைச் சரிவாக விட்டு, வழுக்காமல் ஏறவென்று ஈரச் சாந்தில் தென்னை ஈர்க்கால் கோடு இழுத்தார். காகமும் கீரியும் வராமல் மேலே கோழிக்கம்பி வலை போட்டோம். ஆமையை உடனே விடுவோம் என்றேன். சீமெந்துக் காரம் கண்ணை எரிக்கும் என்று அவர் விடவில்லை. காரம் முறிய வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, நாலு தரம் தண்ணீர் மாற்றிய பிறகுதான் விட்டார். கங்குன் கீரையும் சின்ன மீனும் கொடுத்தோம். கடித்துத் தின்ன முல்லைத்தீவிலிருந்து கணவாய் ஓடு எடுப்பித்தார்.

மூன்றாம் கிழமை ஆமையின் ஒரு கண் திறந்தது. அன்று அவர் என்னைக் கூப்பிட்ட குரலை இரண்டு வருடமாக நான் கேட்டிருக்கவில்லை.

றப்பர் குழாயால் தொட்டித் தண்ணீர் மாற்றுவது அவருடைய வேலையானது. அந்த நாட்களில்தான் அவருடைய கால் வீங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் நிறை கூடியிருக்கிறது, தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லையென்றார். நானும் இல்லையென்றேன், அளந்து வைக்கிறவள் நான்தானே.

ஒரு மத்தியானம் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் தொட்டி விளிம்பில் குந்தியிருந்தார். தண்ணீர்க் குழாயின் நுனி அவருடைய வாயில் இருந்தது. கண்ணை மூடி, குழந்தை பால் குடிப்பதுபோல் குடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை நாளா?" என்று கேட்டேன்.

"தொட்டி கட்டினதில இருந்து."

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சாகிறதுக்கா என்னைக்கொண்டு தொட்டி கட்டுவிச்சனீங்கள் என்றும் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"நாக்கு ஒட்டிப்போகுதப்பா. உமக்கு அது விளங்காது" என்றார்.

குழாயைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இனித் தண்ணீர் நான்தான் மாற்றுவேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் தொட்டிப் பக்கம் போகவில்லை. கதிரையை றோட்டுப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஆமையின் மற்றக் கண்ணும் திறந்துவிட்டது என்று சொன்னபோது, "ம்" என்றார். கால் வீக்கம் வற்றியது. நிறையும் சரியாக வந்தது.

குழாயைப் பூட்டிவைத்த ஏழாம் கிழமை, விடியற்காலை மூச்சு எடுக்க முடியாமல் எழும்பியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபின் ஒரு மணித்தியாலம்தான் உயிரோடு இருந்தார். இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது என்று டொக்டர் சொன்னார். குழாயில் குடித்ததைப் பற்றி நான் டொக்டரிடம் சொல்லவில்லை, அதனாலா என்று கேட்கவுமில்லை.

செத்தவீட்டுச் சனத்துக்குள் ஆமையை மறந்துபோனேன். எட்டாம் நாள் பார்த்தபோது தண்ணீர் பச்சையாகி மணத்தது. யாரோ சோற்றை அள்ளிப் போட்டிருந்தார்கள். அவருடைய அக்கா, இந்தச் சனியனை ஆருக்கும் கொடு என்றார். நான் அலுமாரியிலிருந்து குழாயை எடுத்துவந்து மாட்டி, பாசியை உரஞ்சிக் கழுவினேன். ஆமை சரிவில் ஏறி நின்று என்னைப் பார்த்தது.

குடித்ததற்காக அவர்மேல் சில நாள் ஆத்திரம் வருகிறது. அந்த ஏழு கிழமை அவரைக் குடிக்கவிடாமல் வைத்திருந்ததை நினைத்து, சில நாள் சாப்பாடு இறங்குவதில்லை.

போன மாதம் அந்த மிருக வைத்தியரிடம் மறுபடியும் போனேன். ஓடு இறுகிவிட்டது, இனிப் பயமில்லை என்றார். இப்படிக் கவனித்தால் இன்னும் முப்பது வருடம் இருக்கும் என்றும் சொன்னார். எனக்கு இப்போது ஐம்பத்தாறு. ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தேன்.